ரேடியம் இல்லாத ரேடியம்

சென்ற நவம்பரில் புனேயில் எனக்கு நேர்ந்த விபத்தை இங்குள்ள நண்பர்கள் பலர் அறிவர். இடது காறை எலும்பு முறிந்து ஆறு வாரம் கையைத் தூளியில் தொங்கவிட்டுக்கொண்டு திரிந்தேன். நலம் விசாரித்தவர்களிடமெல்லாம், "பின்னால் வந்தவர் கவனிக்காமல் இடித்துவிட்டார்" என்று ஒரே வரியில் சொல்லி முடித்தேன். அந்த வரி முழு உண்மை அன்று. அதைத் திருத்தவே இப்பதிவை எழுதுகிறேன். திருத்தம் சற்று நீண்டுவிட்டது. இடையில் கொஞ்சம் வேதியியலும் கொஞ்சம் சொற்பொருளியலும் வந்து கலந்துவிட்டன. பொறுத்தருள்க.

விடுதிக்கும் துறைக்கும் இடையே மூன்று கிலோமீட்டர். அத்தொலைவுக்காக மூத்த மாணவி ஒருவரிடமிருந்து பழைய மிதிவண்டி ஒன்றை வாங்கியிருந்தேன். அதன் பின்புற மட்கார்டில் இருக்க வேண்டிய சிவப்புக் கண்ணாடி எப்போதோ கழன்று விழுந்திருந்தது. திருகாணி இருந்த துளை மட்டும் எஞ்சியிருந்தது. சாலையின் ஒரு பகுதியில் தெருவிளக்கு இல்லை. ஆகவே பொறுப்புள்ள குடிமகளாக, முதன்மைச் சாலையோரம் உள்ள ரேடியம் கடைக்குச் சென்றேன்.

ரேடியம் கடை எது என்று இந்தியாவில் எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. வண்டி எண், சாதிப் பெருமை, குலதெய்வத்தின் பெயர், பிள்ளைகளின் பெயர், நடிகரின் முகம் என எதையும் வண்ணத் தாளில் வெட்டி ஒட்டித் தரும் சிறு கடை. ஈரோட்டிலும் அதற்கு ரேடியம் கடை என்றே பெயர். புனேயிலும் அதே பெயர். கடைக்காரர் அறுபது வயதைத் தாண்டியவர். மராத்தி வழக்கப்படி அவரைக் காகா என்று அழைப்பேன்.

"காகா, சைக்கிளுக்கு ரேடியம் ஒட்ட வேண்டும்."

அவர் சுருள்களை எடுத்து மேசைமேல் உருட்டினார். அவற்றுள் ஒரு செம்மஞ்சள் நிறம் கண்ணைக் குத்தியது. நிழலான கடைக்குள்ளும் உள்ளே விளக்கு எரிவதுபோல் இருந்தது. பக்கத்திலேயே மங்கிய சாம்பல் வெள்ளைச் சுருள் ஒன்றும் கிடந்தது. அதை நான் இரண்டாம் முறை பார்க்கவில்லை. செம்மஞ்சளைச் சுட்டிக்காட்டி, "இது" என்றேன். பின்சட்டத்திலும் மட்கார்டிலும் நீள நீளமாய் ஒட்டித் தந்தார். அறுபது ரூபாய். நண்பகல் வெயிலில் என் வண்டி தெருவின் மறுமுனையிலிருந்தே தெரிந்தது.

மூன்றாம் வாரம், இரவு ஒன்பது மணியளவில், விளக்கில்லாத அந்தப் பகுதியில் பின்னாலிருந்து ஒரு ஸ்கூட்டர் மோதியது. ஓட்டி வந்தவர் வீடுகளுக்கு உணவு கொண்டு சேர்க்கும் இளைஞர். இருபது, இருபத்தொரு வயதிருக்கலாம். அவரும் விழுந்தார். முழங்கால் சிராய்த்து இரத்தம் வடிந்தது. பை திறந்து யாரோ ஒருவரின் இரவு உணவு சாலையில் சிதறிக் கிடந்தது. அவர் திரும்பத் திரும்ப ஒன்றையே சொன்னார்: "தீதி, தெரியவே இல்லை. சத்தியமாகத் தெரியவே இல்லை."

நான் வலியிலும் சினத்திலும் கத்தினேன். "எப்படித் தெரியாமல் போகும்? வண்டி முழுக்க ரேடியம் ஒட்டியிருக்கிறேனே!"

கூடியவர்கள் என் பக்கம் நின்றார்கள். "ரேடியம் ஒட்டியிருக்கிறார், பார்" என்று ஒருவர் அவரை அதட்டினார். எக்ஸ்ரே செலவுக்கென்று அவர் தம் கைபேசியிலிருந்து 2,500 ரூபாய் அனுப்பினார். நான் பெற்றுக்கொண்டேன். மறுநாள் அம்மா தொலைபேசியில் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "கண்ணு, அப்பா சைக்கிள்ல பின்னாடி செவப்புக் கண்ணாடி இருக்குமே, அது உன்ற வண்டில இல்லியா?" "அதைவிட நல்லதே ஒட்டியிருந்தேன் அம்மா" என்றேன்.

உண்மை வெளிப்பட்டது இரண்டு வாரம் கழித்து. என் அறைத்தோழி வேதியியலில் ஆய்வு செய்பவர், கேரளத்தவர், நான் சேச்சி என்றழைப்பேன். ஒரு மாலை மின்சாரம் போயிருந்தது. விடுதி முற்றத்தில் நின்ற என் வண்டியின்மீது சேச்சி கைபேசி விளக்கை அடித்தார். விளக்கைக் கண்ணுக்கு அருகில் பிடித்துக்கொண்டு இருபதடி பின்னால் சென்றார். "இங்கே வந்து பார்" என்றார். சென்று பார்த்தேன். என் செம்மஞ்சள் பட்டைகள் மங்கலான மண் நிறத்தில் கிடந்தன. சட்டத்தின் கறுப்பிலிருந்து அவற்றைப் பிரித்தறிவதே கடினமாக இருந்தது. அருகே சுவரோரம் கிடந்த சேச்சியின் முதுகுப்பையில் விரற்கடை அகலச் சாம்பல் நாடா ஒன்று உண்டு. அது வெள்ளைத் தீயாக எரிந்தது. பகலில் அப்பையில் நாடா இருப்பதையே நான் கவனித்ததில்லை.

அந்த இளைஞர் சொன்னது உண்மை என்பதை அப்போதுதான் அறிந்தேன்.

இனி வேதியியல். சேச்சி எனக்கு ஒரு வாரம் பாடம் நடத்தினார். நானும் படித்துத் தெரிந்துகொண்டேன்.

சாதாரணச் செம்மஞ்சள் வண்ணம் தன்மேல் விழும் ஒளியில் நீலத்தையும் பச்சையையும் விழுங்கி வெப்பமாக்கிவிடுகிறது. எஞ்சிய செம்மஞ்சளைத் திருப்பி அனுப்புகிறது. கடையில் என்னை ஈர்த்த வண்ணமோ விழுங்கியதை வீணாக்குவதில்லை. கண்ணுக்குப் புலப்படாத புறஊதாவையும் நீலப் பச்சையையும் உட்கொண்டு, சற்று ஆற்றல் குறைந்த செம்மஞ்சளாகவே வெளியிடுகிறது. திருப்பி அனுப்பிய செம்மஞ்சளோடு புதிதாக உண்டான செம்மஞ்சளும் சேர்வதால், விழுந்ததைவிடக் கூடுதலான செம்மஞ்சள் அப்பரப்பிலிருந்து வருகிறது. தாளைப் பார்த்துப் பழகிய கண், இது தாளன்று, விளக்கு என்று மயங்குகிறது. 1852-இல் ஜார்ஜ் கேப்ரியல் ஸ்டோக்ஸ் கொய்னாக் கரைசலைச் சூரிய நிறமாலையின் ஊதாவுக்கு அப்பாலுள்ள இருட்டில் வைத்தபோது அது நீலமாக ஒளிர்வதைக் கண்டு இதை விளக்கினார். ஃப்ளோர்ஸ்பார் என்னும் கனிமத்தின் பெயரிலிருந்து ஃப்ளோரசன்ஸ் என்ற சொல்லை ஆக்கியவரும் அவரே. அச்சொல்லை அவர் அறிமுகம் செய்தது ஓர் அடிக்குறிப்பில். அடிக்குறிப்பு எழுதி வாழும் நம் போன்றோருக்கு ஆறுதலான செய்தி.

இவ்வண்ணத்தைச் செய்யும் முறை எனக்கு வியப்பளித்தது. சாதாரண நிறமிகளைப் போல் ஒரு கனிமத்தை அரைத்து எடுப்பதன்று. ஒளிரும் சாயங்கள் கரைந்த நிலையில்தான் நன்கு ஒளிரும். தூளாகக் குவித்தால் மூலக்கூறுகள் ஒன்றையொன்று அணைத்துவிடும். அளவுக்கு மீறிச் சாயம் சேர்த்தால் ஒளி கூடுவதற்குப் பதில் குன்றும். ஆகவே சாயத்தை ஒரு திண்மத்துக்குள் கரைக்க வேண்டும். மெலமைன், ஃபார்மால்டிஹைடு, டொலுவீன் சல்ஃபோனமைடு ஆகியவற்றைச் சூடாக்கிப் பிசினாக உருக்குகிறார்கள். அவ்வுருகலில் சிறிதளவு சாயத்தைச் சேர்க்கிறார்கள். ஆறவிட்டால் கண்ணாடி போல் நொறுங்கக்கூடிய நிறக்கட்டி கிடைக்கும். அதை உடைத்து, சில மைக்ரான் அளவுக்கு நுணுக்கி அரைத்தால் அதுவே நிறமி. சாயங்களுள் ஒன்று ரோடமைன் பி. பெயரை எங்கோ கேட்டிருப்பீர்கள்: பஞ்சுமிட்டாயில் கலந்திருந்தது கண்டறியப்பட்டு, 2024 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் பஞ்சுமிட்டாய் தடை செய்யப்படக் காரணமாக இருந்தது அதுவே.

இந்நிறமியைப் பிணைப்புப் பசையில் கலந்தால் வண்ணப்பூச்சு. பிவிசி படலத்தில் சேர்த்துப் பின்புறம் பசை தடவினால் என் மிதிவண்டியில் ஒட்டிய தாள். நிறமி ஒளி ஊடுருவும் தன்மை கொண்டதால் அடியில் வெள்ளைப் பூச்சு இருந்தே ஆக வேண்டும். இருண்ட பரப்பில் நேரடியாகப் பூசினால் ஒளிராது. ஒளியை உண்டு வாழும் இச்சாயம் அதே ஒளியால் சிதையவும் செய்யும். வெயிலில் நின்றால் சில மாதங்களிலேயே வெளுக்கத் தொடங்கும். ஆகவே மேலே புறஊதாவைத் தடுக்கும் பூச்சு ஒன்றும் இடுவதுண்டு. அதிகம் தடுத்தால் ஒளிர்வு குறையும், தடுக்காவிட்டால் ஆயுள் குறையும். இந்தப் பேரம்தான் இத்தொழிலின் அன்றாடம்.

பகலிலும் சுடர்விடும் இவ்வண்ணத்தின் கதையும் ஒரு விபத்திலிருந்தே தொடங்குகிறது. 1933-இல் கலிஃபோர்னியாவில் பாப் ஸ்விட்சர் என்ற இளைஞர் சரக்கு இறக்கும் வேலையில் விழுந்து தலையில் அடிபட்டார். பார்வை பாதிக்கப்பட்டதால் இருட்டறையில் மாதக்கணக்கில் இருக்கச் சொன்னார்கள். அவர் தம்பி ஜோ மாயவித்தை செய்பவர். இருளில் ஒளிரும் பொருள்களில் ஆர்வம் கொண்டவர். தந்தையின் மருந்துக்கடைச் சேமிப்பறையில் சகோதரர் இருவரும் புறஊதா விளக்கை ஏந்திக்கொண்டு எவையெவை ஒளிர்கின்றன என்று புட்டி புட்டியாகத் தேடினார்கள். கிடைத்ததை அரக்கில் கலந்து வண்ணம் செய்தார்கள். மேடை வித்தைக்குத் தொடங்கியது, புறஊதா விளக்கின்றிப் பகலொளியிலேயே சுடரும் வண்ணமாக வளர்ந்தது. இரண்டாம் உலகப் போரில் வானிலிருந்து தம் படையை அடையாளம் காட்டும் துணிகளில் அது பயன்பட்டது. பின்னர் டே-குளோ என்ற பெயரில் உலகெங்கும் பரவியது. அப்பெயரின் முற்பாதிக்குப் பகல் என்றே பொருள். பெயரிலேயே உண்மையை எழுதிவைத்திருந்தார்கள்.

பகல் என்பதே இதன் எல்லை. வானொளியில் புறஊதாவும் நீலமும் நிறைய உண்டு. அந்தி வேளையில் அவற்றின் விகிதம் கூடுவதால் இவ்வண்ணம் பிற நிறங்களைவிட எடுப்பாகத் தெரியும். நள்ளிரவில் ஒரு ஸ்கூட்டரின் முகப்பு விளக்கில் புறஊதா அநேகமாக இல்லை. உண்டாகும் சிறிதளவு ஒளியும் எல்லாத் திசைகளிலும் சிதறிப்போகிறது. ஓட்டுநரின் கண்ணுக்குத் திரும்பும் பங்கு மிகச் சிறிது.

சேச்சியின் பைநாடா செய்யும் வேலை வேறு. அதில் நிறமே முக்கியமன்று. நுண்ணிய கண்ணாடி மணிகளோ, ஒன்றுக்கொன்று செங்குத்தான மூன்று முகங்கள் கொண்ட நுண்பட்டகங்களோ அதில் பதிக்கப்பட்டிருக்கும். எத்திசையிலிருந்து ஒளி வந்தாலும் வந்த திசைக்கே அதைத் திருப்பி அனுப்பும். முகப்பு விளக்கும் ஓட்டுநரின் கண்ணும் ஏறத்தாழ ஒரே திசையில் இருப்பதால், விளக்கின் ஒளி நேரே அவர் கண்ணுக்கு மீள்கிறது. சேச்சி கைபேசியைக் கண்ணருகே பிடித்தது இதற்காகவே. 1969-இல் அப்பல்லோ 11 பயணிகள் நிலவில் வைத்துவிட்டு வந்த 100 கண்ணாடி மூலைகளும், சந்திரயான் 3-இன் விக்ரம் தரையிறங்கியில் உள்ள 8 கண்ணாடி மூலைகளும் இதே வேலையைத்தான் செய்கின்றன. அப்பாவின் மிதிவண்டியிலிருந்த சிவப்புக் கண்ணாடியும் அதே இனம். அம்மாவின் கேள்வி சரியான கேள்வி.

போக்குவரத்துக் காவலரின் மேற்சட்டையை நினைத்துப் பாருங்கள். பசுமஞ்சள் துணி பகலுக்கு. பகலில் மனிதக் கண் மிகக் கூர்மையாக உணரும் நிறம் அது. அதன்மேல் தைத்த வெள்ளிப் பட்டை இரவுக்கு. இரண்டு பொருள்கள், இரண்டு வேலைகள், ஒரே சட்டை. பத்தாண்டுகளாகப் பார்த்திருந்தும், ஏன் இரண்டும் இருக்கின்றன என்று நான் ஒருமுறையும் கேட்டதில்லை.

இவ்விரண்டோடு மூன்றாவது ஒன்றும் உண்டு: விளக்கை அணைத்த பிறகும் நெடுநேரம் மெல்லப் பச்சையாக ஒளிரும் பொருள். படிக்கட்டின் அவசர வழிப் பலகைகளில் பார்த்திருப்பீர்கள். முன்பு துத்தநாக சல்ஃபைடு. இப்போது பெரும்பாலும் ஸ்ட்ரான்ஷியம் அலுமினேட். பள்ளிப் பாடநூலில் முதலாவதை உடனொளிர்தல் என்றும் இதை நின்றொளிர்தல் என்றும் படித்திருக்கிறோம். அழகான கலைச்சொற்கள், காலம் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. ஆனால் அவை தேர்வுத்தாளோடு நின்றுவிட்டன. தெருவில் மூன்றுக்கும் பெயர் ரேடியம்.

உண்மையான ரேடியம் இம்மூன்றில் எதிலும் இல்லை. 1898-இல் கியூரி தம்பதியர் கண்டறிந்து, கதிர் எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து பெயரிட்ட தனிமம் அது. அதன் கதிர்வீச்சு துத்தநாக சல்ஃபைடைத் தூண்ட, வெளிச்சமே படாமலும் இருளில் ஒளிரும் வண்ணம் கிடைத்தது. கடிகார முகப்புகளில் எண்களை எழுத அதைப் பயன்படுத்தினார்கள். அமெரிக்காவில் நியூ ஜெர்சியின் ஆரஞ்சு நகரிலும் இலினாய் மாநிலத்தின் ஒட்டாவாவிலும் இளம்பெண்கள் அவ்வேலையைச் செய்தார்கள். தூரிகையின் நுனியைக் கூராக்க உதட்டில் வைத்து நெறிக்கும்படி அவர்களுக்குக் கற்பிக்கப்பட்டது. சுண்ணாம்புச்சத்தைப் போலவே ரேடியமும் எலும்பில் போய்த் தங்கும். தாடை எலும்பு அழுகியது, பலர் இறந்தார்கள். 1927-இல் கிரேஸ் ஃப்ரையர் உள்ளிட்ட ஐந்து பெண்கள் வழக்குத் தொடுத்து, மறு ஆண்டு இழப்பீடு பெற்றார்கள். தொழிலாளர் பாதுகாப்பின் வரலாற்றில் இது பெரிய அத்தியாயம். அவ்வண்ணத்தை ஆக்கிய சாபின் வான் சொச்சோக்கியும் 1928-இல் அதே கதிர்வீச்சின் விளைவால் இறந்தார்.

இருளில் ஒளிர்ந்த அந்தக் கடிகார எண்களின் வழியாகவே ரேடியம் என்ற சொல் நம் மொழிகளுக்குள் வந்திருக்க வேண்டும் என்று கருதுகிறேன். பிறகு பொருள் மாறியது, பெயர் நிலைத்தது. ரேடியம் 226-இன் அரைவாழ்வு சுமார் 1,600 ஆண்டுகள். துத்தநாக சல்ஃபைடோ சில பத்தாண்டுகளில் சிதைந்துவிடும். ஆகவே பழைய கடிகாரங்களில் ஒளி போய்விட்டது, ரேடியம் இருக்கிறது. நம் கடைப் பலகைகளிலோ ரேடியம் போய்விட்டது, ஒளி இருக்கிறது.

மொழியியலாளராக இதில் நான் குறை காணக் கூடாது. முதுகலை வகுப்பில் நாங்கள் முதலில் கற்கும் பாடமே அது: மக்கள் ஒரு சொல்லை எப்பொருளில் வழங்குகிறார்களோ அதுவே அதன் பொருள். எள்ளிலிருந்து எடுத்த நெய்தான் எண்ணெய். இன்று தேங்காயிலிருந்து எடுத்தாலும் எண்ணெய்தான். வடமொழியில் திலத்திலிருந்து பிறந்த தைலம், மராத்தியில் தேல் ஆகி அங்கும் எல்லா எண்ணெய்க்கும் பெயராயிற்று. இரு மொழிக் குடும்பங்கள் ஒரே வழியில் நடந்திருக்கின்றன. இவ்வெடுத்துக்காட்டை நானே இளநிலை மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். பொருள் விரிவு இயல்பானது, இதில் பிழை என்று ஒன்றுமில்லை என்று முடித்திருக்கிறேன். முறிந்த காறை எலும்போடு அப்பாடக் குறிப்பைத் திரும்பப் படிப்பது வேறோர் அனுபவம்.

ஹிலரி பட்னம் 1975-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் ஒரு கருத்து வரும். தங்கம் என்ற சொல்லை எல்லோரும் பயன்படுத்துகிறோம். எது தங்கம் என்று சோதித்தறியும் திறன் சிலரிடமே உண்டு. அச்சிலரை நம்பியே பிறர் பேசுகிறோம். இதை மொழி உழைப்பின் பகிர்வு என்றார் அவர். ரேடியம் கடையில் என்ன நடந்தது என்று பார்க்க இது எனக்கு உதவியது. சொல்லை நான் பயன்படுத்தினேன். அறிவு காகாவிடம் இருந்திருக்க வேண்டும். இருந்ததா? கை சரியானதும் கேட்டறியச் சென்றேன். உள்ளூரச் சற்றுக் கோபத்தோடுதான் சென்றேன்.

"இது இரவில் தெரியாது என்று உங்களுக்குத் தெரியுமா காகா?"

அவர் என் கையைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார், நெடுநேரம் பேசவில்லை. பிறகு சுருள்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். "இது ஃப்ளோரசன்ட். இது ரிஃப்ளெக்டிவ். இது நைட்-குளோ. மொத்த வியாபாரியிடம் ரேடியம் என்று கேட்டால் சிரிப்பான், பேட்டா. அங்கே நான் இந்தப் பெயர்களைச் சொல்லித்தான் வாங்குகிறேன்."

"என்னிடம் ஏன் சொல்லவில்லை?"

"நீ பெயர் கேட்கவில்லை. நிறத்தைக் காட்டினாய். வருபவர்கள் எல்லோரும் நிறத்தைத்தான் காட்டுவார்கள். அழகுக்கு ஒட்டுகிறார்கள் என்று நினைத்துக்கொள்வேன்."

என் கோபம் அங்கே நின்றுவிட்டது. மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று சொற்கள் இருந்தன. இந்தப் பக்கம் ஒன்று. அவற்றுக்கிடையே ஒரு கேள்வி இருந்திருந்தால் போதும். அவர் கேட்கவில்லை, நானும் எதற்கு என்று சொல்லவில்லை. பட்னத்தின் பகிர்வு இயங்க வேண்டுமானால் அறிந்தவரும் அறியாதவரும் பேசிக்கொள்ள வேண்டும் என்ற எளிய நிபந்தனையை நான் வகுப்பில் ஒருபோதும் சொன்னதில்லை.

அன்று காகா இன்னொன்றும் சொன்னார். குளிர்காலத்தில் ஆலைகளின் அரவை தொடங்கினால், மேற்கு மகாராஷ்டிரச் சாலைகள் முழுக்கக் கரும்பு ஏற்றிய டிராக்டர்கள் ஒன்றுக்குப் பின் ஒன்றாக இரண்டு டிரெய்லர்களை இழுத்துக்கொண்டு இரவெல்லாம் ஊரும். மாட்டுவண்டிகளும் வரும். கரும்பு வெட்டப் பீட் மாவட்டத்திலிருந்து குடும்பம் குடும்பமாக வருபவர்கள் அவ்வண்டிகளின் மேலேயே அமர்ந்து செல்வதுண்டு. பின்விளக்கு இருக்காது. அவர்களும் வந்து, "ரேடியம் கொடு" என்றுதான் கேட்கிறார்கள். விலை குறைந்த சுருள் எதுவென்று பார்க்கிறார்கள். "ஃப்ளோரசன்ட்தான் மலிவு" என்று சொன்னார் காகா. சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்கவில்லை.

சொல்லை மாற்ற முடியுமா என்று முதலில் யோசித்தேன். கலைச்சொல் அகராதியோடு ரேடியம் கடை வாசலில் நிற்பது வீண். எண்ணெயின் வரலாற்றைப் பாதியில் நிறுத்திவிட்டேன் என்பது அப்போதுதான் உறைத்தது. எண்ணெய் பொதுப்பெயர் ஆனபின் தமிழர் அதை அப்படியே விட்டுவிடவில்லை. நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெய், விளக்கெண்ணெய், மண்ணெண்ணெய் என்று அடைமொழி சேர்த்துக்கொண்டார்கள். எண்ணெய் என்ற பொதுப்பெயரால் ஏமாந்து எவரும் மண்ணெண்ணெயில் வடை சுடுவதில்லை. விரிந்த சொல்லை மொழி செப்பனிடும் முறை இதுவே. ரேடியத்துக்கு இன்னும் அடைமொழி வாய்க்கவில்லை.

காகாவிடம் இதைச் சொன்னேன். பகல் ரேடியம், இரவு ரேடியம் என்று சுருள்களில் எழுதி வைக்கலாமே என்றேன். அவர் சிரித்தார். "எழுதி வைத்தால் யார் படிப்பார்கள்? நான் கேட்டுவிட்டுப் போகிறேன்" என்றார்.

இனி அந்த இளைஞர். பணம் அனுப்பிய எண் என் கைபேசியில் இருந்தது. அழைத்து, நேரில் பார்க்க வேண்டும் என்றேன். மீண்டும் பணம் கேட்கப் போகிறேன் என்று அஞ்சியே வந்தார் என்பதை அவர் நின்ற விதம் சொல்லியது. என் வண்டியைக் காட்டி, கைபேசி விளக்கை அடித்து நடந்ததை விளக்கினேன். "நீங்கள் சொன்னது உண்மை. நான்தான் உங்களைப் பொய்யர் ஆக்கினேன்" என்றேன். 2,500 ரூபாயைத் திருப்பி அனுப்பினேன். அவர் உடனே ஏற்கவில்லை. "நானும் வேகமாகத்தான் வந்தேன் தீதி" என்றார். அது உண்மையாக இருக்கலாம். சாலையில் விளக்கு இல்லை என்பதும் உண்மை; பின்விளக்கு வாங்க நான் சோம்பியதும் உண்மை. ஒரே சொல்லின்மேல் எல்லாப் பழியையும் போட எனக்கு விருப்பமில்லை. ஆயினும் அன்றிரவு அவரை அதட்டியவர்கள் கையில் கிடைத்த சான்று ரேடியம் என்ற அந்த ஒரு சொல்தான். அதை எடுத்துக் கொடுத்தவள் நான்.

அந்தப் பணம் அவருக்கு மூன்று நாள் வருமானமாம். போகும்போது, மிகத் தயங்கி, அந்தச் சாம்பல் நாடா எங்கே கிடைக்கும் என்று கேட்டார். கடைக்கு அழைத்துச் சென்றேன்.

அங்கே எங்களுக்கு முன்னால் ஒருவர் நின்றுகொண்டிருந்தார். டிராக்டர் சாவியை விரலில் சுழற்றியபடி, "ரேடியம் பாஹிஜே" என்றார். காகா சுருளை எடுக்கப் போன கையை நிறுத்தி, என்னை ஒருமுறை பார்த்துவிட்டுக் கேட்டார்:

"திவஸா கீ ராத்ரீ?"

பகலுக்கா, இரவுக்கா.

வந்தவர் அக்கேள்வியை எதிர்பார்க்கவில்லை. சற்று யோசித்து, "ராத்ரீ" என்றார். சாம்பல் சுருள் இறங்கியது. விலையைக் கேட்டு முகம் சுளித்தார், பேரம் பேசினார், கடைசியில், வேண்டிய நீளத்தில் பாதி மட்டும் வாங்கிச் சென்றார்.

நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். இன்றிரவு விளக்குகளை அணைத்துவிட்டு, கைபேசி விளக்கைக் கண்ணருகே பிடித்து, இருபதடி தொலைவிலிருந்து உங்கள் மிதிவண்டியையும் பிள்ளைகளின் பள்ளிப் பைகளையும் பாருங்கள். எது தெரிகிறதோ அதுவே இரவுக்கு உரியது. என் வண்டியில் இப்போது பின்விளக்கும் சிவப்புக் கண்ணாடியும் உண்டு. செம்மஞ்சள் பட்டைகளை நான் கிழிக்கவில்லை. பகலில் அவை தம் வேலையைச் செய்கின்றன. ஒரு பக்கம் ஏற்கெனவே வெளுக்கத் தொடங்கிவிட்டது.

உங்கள் ஊரில், உங்கள் மொழியில் இம்மூன்றுக்கும் தனித்தனிப் பெயர்கள் வழங்கினால் எழுதுங்கள், தொகுத்துக்கொண்டிருக்கிறேன்.